மலையேறும் வண்டிக்கு மூச்சு முட்டுவது ஏன்?

ஜவ்வாது மலை. மாலை 4 மணி.

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும் பாதை. ஒரு பழைய பெட்ரோல் பிக்-அப் வண்டி முனகிக் கொண்டு ஏறுகிறது. பின்னால் அரிசி மூட்டைகள், உப்பு மூட்டைகள், கூரை போடத் தகடு. மறுநாள் காலையில் அதே வண்டி சாமையும் புளியும் ஏற்றிக் கொண்டு கீழே இறங்க வேண்டும். முன் ஆசனத்தில் இடம் வேண்டும் என்று ஒரு கிழவியும் அவள் மகனும் சொல்லி வைத்திருக்கிறார்கள். கிழவிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வந்தது. பிக்-அப் டிரைவர் ஓரம் கட்டி, காலை எடுத்தார்.

இன்ஜின் இரண்டு முறை குலுங்கியது. "பட்" என்று ஒரு தும்மல் போட்டது. நின்று விட்டது.

டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உயிர் பெற்றது. காலை எடுத்ததும் மறுபடியும் நின்றது. மிதித்துக் கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது.

"கார்புரேட்டர் தான் போச்சு" என்றார் டிரைவர். கிளீனர் பையன் அதற்குள் ஸ்பானரை எடுத்து விட்டான்.

அன்று வண்டியில் ஒரு பெரியவர் வந்து கொண்டிருந்தார். மலை ஊரில் சிறு பட்டறை வைத்திருப்பவர். அவர் இறங்கி வந்து, பையன் கையில் இருந்த ஸ்பானரை வாங்கி மட்கார்டின் மேல் வைத்தார்.

"அவசரப்படாதே தம்பி. வண்டி ஏறும் போது நின்றதா, காலை எடுத்த போது நின்றதா?"

"எடுத்த போது தான் மேஸ்திரி."

"அப்படியானால் முதலில் கார்புரேட்டரைத் தொட வேண்டாம்" என்றார் பெரியவர்.

ஏன் அப்படிச் சொன்னார்? அதைத் தெரிந்து கொள்ள, இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டருக்கு ஓர் அறை காற்று

பெட்ரோல் தனியாக எரியாது. அதற்குக் காற்று வேண்டும். கொஞ்ச நஞ்சம் அல்ல. 1 கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். அளவில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. ஒரு சின்ன அறை நிறையக் காற்று என்று வைத்துக் கொள்ளுங்கள். வண்டி ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடித்தால் ஓர் அறைக் காற்றையும் சேர்த்துக் குடித்து விட்டது என்று அர்த்தம்.

இந்த இரண்டையும் சரியான அளவில் கலந்து கொடுப்பது தான் கார்புரேட்டரின் வேலை. காற்று அதிகமானால் கலவை "இளைத்து" விடும். இன்ஜின் தும்மும், துடிக்கும், நின்று போகும். பெட்ரோல் அதிகமானால் கலவை "கொழுத்து" விடும். கரும்புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும், பிளக்குகள் அடுப்புக் கரி போல் கறுத்து விடும்.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் இந்தக் கலவை பெரிய தலைவலியாக இருந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-ல் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வண்டியில் பெட்ரோல் போன்ற எண்ணெயின் மேல் காற்று தவழ்ந்து போகும். போகிற போக்கில் ஆவியைத் தூக்கிக் கொண்டு போகும். குளிர் அடித்தால் ஆவி குறையும். குலுங்கினால் கூடும்.

1893-ல் தான் வழி பிறந்தது. எண்ணெயை நுண்ணிய துளி வழியே பீச்சி, பனித்துளி போல் காற்றில் கலக்கும் முறையை ஜெர்மனியில் மேபாக் கண்டார். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் இது போன்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

இதற்குள் இருக்கும் சூட்சுமம் இன்னும் பழையது. இத்தாலி நாட்டு விஞ்ஞானி வெஞ்சுரி 1797-ல் எழுதியது. குழாயின் நடுவில் ஓர் இடத்தைக் குறுக்கினால் அங்கே ஓட்டம் வேகம் பெறும்; வேகம் பெற்ற இடத்தில் அழுத்தம் குறையும். கார்புரேட்டரின் தொண்டை இப்படிக் குறுகியது தான். காற்று அங்கே விரைந்து ஓடுகிறது. அழுத்தம் குறைகிறது. பக்கத்துக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல், ஜெட் என்ற சிறு துளை வழியே தானாகவே மேலே எழும்பி வந்து காற்றில் சிதறுகிறது. யாரும் தள்ளி விடுவது இல்லை. காற்றே இழுத்துக் கொள்கிறது.

கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஒரு மிதவை உண்டு. வீட்டின் மேல் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டி நிறைந்தால் பந்து எழும்பிக் குழாயை அடைக்கும். அதே வேலையைத் தான் இந்த மிதவையும் செய்கிறது.

எங்கே இருக்கிறது வெற்றிடம்?

இன்ஜினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும் போது காற்றை உறிஞ்சுகிறது. ஆனால் டிரைவர் காலை எடுத்தால், கார்புரேட்டரின் அடியில் உள்ள தகடு மூடிக் கொள்கிறது. வாசல் கதவு மூடியிருக்கிறது. உள்ளே இருப்பவரோ மூச்சை இழுக்கிறார். என்ன ஆகும்? கதவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள குழாயில் காற்று மெலிந்து போகும். இதைத் தான் "வாக்குவம்" என்கிறார்கள். தமிழில் வெற்றிடம். முழு வெற்றிடம் அல்ல. பாதி வெற்றிடத்துக்கு மேல் என்று சொல்லலாம்.

வெற்றிடம் என்றால் ஒன்றும் இல்லாதது தானே, அதற்கு என்ன பலம் என்று கேட்கலாம். பலம் அதற்கு இல்லை. வெளியே இருக்கும் காற்றுக்கு இருக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 1 கிலோ எடையோடு காற்று அழுத்திக் கொண்டே இருக்கிறது. உள்ளேயும் காற்று இருப்பதால் நமக்கு அது தெரிவது இல்லை. 1657-ல் ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து மேயர் ஒரு வேடிக்கை காட்டினார். இரண்டு செம்புக் கிண்ணங்களைச் சேர்த்து வைத்து, உள்ளே இருந்த காற்றைப் பம்பு வைத்து எடுத்தார். பக்கத்துக்கு எட்டாக 16 குதிரைகள் பூட்டி இழுத்தார்கள். கிண்ணங்களைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகி விட்டது!

இந்தப் பலத்தை வீணாக்குவானேன் என்று மோட்டார் செய்தவர்கள் நினைத்தார்கள். இன்ஜினின் காற்றுக் குழாயில் இருந்து சிறு சிறு ரப்பர் குழாய்களை இழுத்தார்கள். ஒன்று, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். தீப்பொறி விழ வேண்டிய நேரத்தை அது முன்னே பின்னே நகர்த்தும். இன்னொன்று, பழைய வண்டிகளில், கண்ணாடி துடைக்கும் வைப்பருக்குப் போனது. தடித்த குழாய் ஒன்று பிரேக்குக்குப் போகும்.

வைப்பர் கதை வேடிக்கையானது. வில்லிஸ் ஜீப் காலத்து வண்டிகளில் வைப்பரை ஓட்டியது மின்சாரம் அல்ல. இந்த வெற்றிடம் தான். மலை ஏறும் போது டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிப்பார். கார்புரேட்டர் கதவு அகலத் திறக்கும். வெற்றிடம் போய் விடும். வைப்பர் நின்று விடும்! கொட்டுகிற மழையில், குறுகிய வளைவில், கண்ணாடி மறைத்துக் கொள்ளும். காலை எடுத்தால் வைப்பர் சட்சட்டென்று அடித்துக் கொள்ளும். ஆனால் வண்டி நின்று விடும். இந்தச் சங்கடத்துக்காகவே சில ஜீப்புகளின் பெட்ரோல் பம்பில் இன்னொரு அடுக்கு வைத்து, வைப்பருக்குத் தனியாக வெற்றிடம் கொடுத்தார்கள்.

அந்த ஜீப்புகளை 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் பூட்டத் தொடங்கியது. காட்டு இலாகா, சர்வே இலாகா, ரோடு வேலை என்று இந்திய மலைகளுக்கெல்லாம் ஜீப் ஏறியது. பின்பக்கத்தில் சரக்குத் தொட்டி வைத்த பிக்-அப்புகளும் வந்தன. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி பின்னாளில் "ஸ்டாண்டர்டு 20" என்ற சிறு சரக்கு வண்டியைச் செய்தது. 2000-ம் ஆண்டுக்குப் பின் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. புதுக் கார்களில் கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலைக் கணக்கிட்டுப் பீச்சும் மின்கருவி வந்தது. இன்று மலையில் ஓடும் பிக்-அப்புகள் பெரும்பாலும் டீசல். ஆனாலும் பழைய பெட்ரோல் வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கத் தான் செய்கிறார்கள். புது வண்டிக்குப் பணம் வேண்டாமா?

"சோக்கை இழு!"

மீண்டும் கொண்டை ஊசி வளைவுக்கு வருவோம்.

பெரியவர் முதலில் வண்டியின் பின் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். பிறகு டிரைவரைப் பார்த்து, "இன்ஜினை ஓட்டு. காலை மெல்ல எடு. நிற்கப் போகும் போது சோக்கைக் கொஞ்சம் இழு" என்றார்.

சோக்கு என்பது கார்புரேட்டரின் மேல் வாயை மூடும் தகடு. அதை இழுத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். காலைக் குளிரில் வண்டியைக் கிளப்பத் தான் இது.

டிரைவர் இழுத்தார். துடித்துக் கொண்டிருந்த இன்ஜின் சமாதானம் ஆனது. "கட கட" என்று நிதானமாக ஓடியது.

கைக்காசு செலவு இல்லாத பரீட்சை இது. சோக்கு இழுத்தால் இன்ஜின் தெளிகிறதா? கலவை இளைத்திருக்கிறது. பெட்ரோல் போதவில்லை, அல்லது வேறு எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. சோக்கு இழுத்ததும் இன்னும் மோசமாகித் திணறுகிறதா? பெட்ரோல் கூடிப் போயிருக்கிறது. மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கலாம்.

பெட்ரோல் போதவில்லை என்றால் ஏற்றத்தில் தான் முதலில் தெரியும். பாரத்தோடு ஏறும் போது தானே இன்ஜினுக்கு அதிகம் வேண்டும்? இந்த வண்டியோ ஏற்றத்தில் நன்றாக இழுத்தது. காலை எடுத்தால் தான் செத்தது. திருட்டுக் காற்றின் அடையாளம் இது.

காரணம் எளிது. காலை எடுத்த போது இன்ஜின் குடிக்கும் காற்று மிகக் கொஞ்சம். அந்த நேரத்தில் வெற்றிடமும் அதிகம். ரப்பர் குழாயில் ஒரு கீறல் இருந்தாலும் வெளிக் காற்று "உஸ்" என்று பாய்ந்து வந்து கலவையைக் கெடுத்து விடும். ஆழாக்குப் பாலில் ஒரு கை தண்ணீர் ஊற்றியது போல. மிதித்து ஓட்டும் போது காற்று ஏராளம், வெற்றிடமும் குறைவு. குடம் பாலில் அதே ஒரு கை தண்ணீர். தெரியாது.

இந்த இடத்தில் தான் பலர் ஏமாந்து போகிறார்கள். கார்புரேட்டரில் "ஸ்லோ" ஸ்குரூ என்று ஒன்று உண்டு. அதை ஒரு சுற்று முறுக்கினால் இன்ஜின் வேகம் கூடும், நிற்காமல் ஓடும். "சரியாகி விட்டது" என்று வண்டியை எடுத்துக் கொண்டு போய் விடுவார்கள். கீறல் அப்படியே இருக்கும்.

பையனும் அதைத் தான் சொன்னான். "ஸ்லோவை ஏத்தி விட்டா போயிடலாமே, அண்ணே!"

"போயிடலாம். இறங்கறப்போ என்ன பண்றது?" என்றார் பெரியவர். அவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று அப்போது பையனுக்கு விளங்கவில்லை.

கீறலைத் தேடுவது

டியூப் துண்டு ஒன்று எடுத்தார். ஒரு நுனியைக் காதில் வைத்துக் கொண்டார். டாக்டர் குழல் வைத்துப் பார்ப்பது போல, மறு நுனியை ஒவ்வொரு குழாயின் அருகிலும் காட்டிக் கொண்டே போனார். கீறல் அருகே வந்தால் "உஸ்" சத்தம் காதில் விழும். விசிறி சுழலும் பக்கம் கையும் டியூபும் போகாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

சோப்புத் தண்ணீரும் நல்ல துணை. கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் அட்டை வாஷர் இருக்கிறது. அது வெந்து, சுருங்கி, ஓரத்தில் காற்று விடும். அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவினால், நீர் அந்த ஓட்டையை ஒரு நிமிஷம் அடைத்துக் கொள்ளும். இன்ஜின் சத்தம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளித்துப் பார்ப்பார்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் பெட்ரோல் தெளிப்பது வைக்கோல் போருக்குப் பக்கத்தில் சுருட்டுப் பிடிப்பதற்குச் சமம். வண்டியே எரிந்து போகும்.

மூன்றாவது வழி விரலால் செய்வது. குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடிக்க வேண்டும். நல்ல குழாயை நசுக்கினால் இன்ஜினில் பெரிய மாறுதல் இருக்காது. காற்றுத் திருடும் குழாயை, கீறலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே நசுக்கினால், அந்தக் கணமே இன்ஜின் தெளியும்.

டிஸ்ட்ரிபியூட்டர் குழாய்க்கு ஒரு தனிப் பரீட்சை. இன்ஜினை நிறுத்தி விட்டு, கார்புரேட்டர் பக்கத்து நுனியைக் கழற்றித் துடைத்து, வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். பிறகு நாக்கால் அடைத்துக் கொள்ள வேண்டும். நாக்கு ஒட்டிக் கொண்டால் உள்ளே உள்ள ஜவ்வு நன்றாக இருக்கிறது. உறிஞ்ச உறிஞ்சக் காற்று வந்து கொண்டே இருந்தால் ஜவ்வு கிழிந்து விட்டது.

பெரியவர் மெல்லிய குழாய்களை நசுக்கிப் பார்த்தார். மாறுதல் இல்லை. பிறகு பின்னால் கையை நீட்டித் தடித்த குழாயைப் பிடித்தார். இன்ஜின் பட்டென்று தெளிந்தது.

அது பிரேக் குழாய்.

டிரைவரின் முகம் மாறியது. "இரண்டு நாளாக பிரேக் கெட்டியாக இருந்தது, மேஸ்திரி. ஷூ தேய்ந்து விட்டது என்று நினைத்தேன்" என்றார்.

காலுக்குத் துணையாக நிற்கும் காற்று

சர்வோ பிரேக் உள்ள வண்டிகளில் டிரைவரின் கால் பலம் மட்டும் வேலை செய்வது இல்லை. மிதிக்கு எதிரே ஒரு வட்டமான டப்பா இருக்கிறது. அதன் நடுவே ரப்பர் ஜவ்வு. பிரேக்கைத் தொடாத போது ஜவ்வின் இரு பக்கமும் வெற்றிடம். மிதித்ததும் ஒரு பக்கத்தில் வெளிக் காற்று நுழைகிறது. மறுபக்கம் வெற்றிடமாகவே நிற்கிறது. 16 குதிரைகளைத் திணற வைத்த அதே காற்று, ஜவ்வைத் தள்ளி டிரைவருக்குக் கை கொடுக்கிறது.

குழாய் கிழிந்தால் இந்தத் துணை போய் விடும். பிரேக் அடியோடு போய் விடாது. ஆனால் கல்லை மிதிப்பது போல் இருக்கும். சமவெளியில் இதைச் சமாளித்து விடலாம். மூட்டை ஏற்றிய வண்டி ஜவ்வாது மலையில் வளைவுக்கு வளைவு இறங்கும் போது சமாளிக்க முடியுமா?

இன்னொரு விபரீதப் பழக்கமும் உண்டு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தி விட்டு வண்டியை உருள விடுவது. இன்ஜின் நின்றால் புது வெற்றிடம் கிடைக்காது. டப்பாவில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத் தான் வரும். அதற்குப் பிறகு கால் தான். கியரும் பிடிக்காது, சர்வோவும் உதவாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால் தான்.

டீசல் வண்டிக்காரர்கள் இதைப் படித்து விட்டு நமக்கு இல்லை என்று இருந்து விடக் கூடாது. சாதாரண டீசல் இன்ஜினில் கார்புரேட்டர் கதவு கிடையாது. ஆகவே போதிய வெற்றிடமும் கிடையாது. அதற்காகத் தனிப் பம்பு வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் அது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து பிரேக்குக்குப் போவதும் இதே ரப்பர் குழாய் தான். அங்கே கீறல் விழுந்தால் இன்ஜின் தும்மிக் காட்டிக் கொடுக்கக் கூடச் செய்யாது.

மலைக்கு என்று சில நோய்கள்

ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1968 முதல் அங்கே வான ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. 1986-ல் அதற்கு விஞ்ஞானி வேணு பாப்புவின் பெயர் வைத்தார்கள். 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. (அந்தக் கண்ணாடிக்கு அலுமினியம் பூசுவதும் காற்றை வெளியேற்றிய பெரிய பெட்டிக்குள் தான். பிக்-அப்புக்கும் வானத்தைப் பார்க்கும் கண்ணாடிக்கும் வெற்றிடம் வேண்டியிருக்கிறது!)

காவலூர் கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு குறைவு. காற்று கொஞ்சம் மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் கலவை சிறிது கொழுக்கும். சரியாக இருக்கும் வண்டிக்கு இது பெரிய காரியம் அல்ல. ஏற்கெனவே கரும்புகை விடும் வண்டி மலையில் இன்னும் கொஞ்சம் விடும், அவ்வளவு தான்.

ஆனால் வெற்றிடத்தை மீட்டர் வைத்து அளக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். நல்ல பெட்ரோல் இன்ஜின் கடற்கரை ஊரில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். 1,000 அடிக்கு ஓர் அங்குலம் வீதம் குறையும். காவலூரில் அதே இன்ஜின் 2 அங்குலத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். அது நோய் அல்ல, மலை.

மலையின் உண்மையான தொல்லை வேறு. உயரமான இடத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 97½ டிகிரியில் கொதித்து விடும். பெட்ரோலும் அப்படித் தான், முன்னதாகவே ஆவியாகும். கோடை மத்தியானம். முதல் கியரில் நெடுநேரம் ஏற்றம். எதிர்க் காற்று இல்லை. இன்ஜின் அனல் கக்குகிறது. பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்துக் கொள்ளும். பம்பு அடிக்கும், பெட்ரோல் வராது. டிரைவர்கள் இதை "ஏர் லாக்" என்பார்கள். மருந்து, நனைத்த சாக்குத் துணி! பம்பின் மேல் போட்டு விட்டு, நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் வண்டி தானே கிளம்பும். இந்த நேரத்தில் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டவர்கள் வீணாகக் கை கறுத்தது தான் மிச்சம்.

இந்த நோய் ஏற்றத்தில் வரும். திருட்டுக் காற்று காலை எடுத்தால் வரும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இப்போது இன்னொரு புதுத் தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் என்பது கரும்பு, தானியம் முதலியவற்றில் இருந்து எடுக்கும் சாராயம். பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டது அல்ல. சில ரப்பர் ஊறிப் பருக்கும். சில இளகிப் போகும். சாராயம் ஈரத்தையும் இழுத்துக் கொள்ளும். மாதக் கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியில் தண்ணீர் சேரும். கார்புரேட்டர் கிண்ணத்தில் களிம்பு பிடிக்கும். கலவையும் சிறிது இளைக்கும். பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிக் கொள்வது நல்லது. சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுவது ஒரு நாள் வித்தை.

கார்புரேட்டரைத் திறந்தே ஆக வேண்டும் என்றால்

குற்றம் கார்புரேட்டரில் தான் என்று தெரிந்தால், முதலில் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை லேசாகத் தட்டிப் பார்க்கலாம். ஒட்டிக் கொண்ட ஊசி வால்வு சில சமயம் அதிலேயே விடுபடும். பிரித்தால், ஒவ்வொரு ஸ்குரூவையும் எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி வைக்க வேண்டும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைக்க வேண்டும். மலைச் சரிவில் உருண்டு போன ஒரு ஜெட்டைத் தேடுவது தேன் கூட்டில் கை விடுவதை விடக் கஷ்டம்!

ஜெட்டில் அடைப்பு இருந்தால் ஊத வேண்டும். பம்பு வைத்துக் காற்று அடிக்கலாம். ஊக்கு, கம்பி, துடைப்பக் குச்சி எதையும் விடக் கூடாது. அந்தத் துளை நுட்பமாக அளந்து போட்டது. கம்பி விட்டால் அகன்று விடும். பிறகு வண்டி குடிக்கும் பெட்ரோலுக்குக் கணக்கு இராது. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வந்து ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டி விடும்.

மிதித்த கணத்தில் மட்டும் வண்டி தயங்கி, பிறகு பாய்கிறது என்றால் ஆக்சிலேட்டர் பம்பைப் பார்க்க வேண்டும். அதன் தோலோ ஜவ்வோ காய்ந்து போயிருக்கும்.

கீழே இறங்கும் முன்

வளைவில் நின்ற பிக்-அப்புக்கு நல்ல வேளை. குழாய், இன்ஜினில் மாட்டும் நுனியில் தான் கீறியிருந்தது. சூட்டில் வெந்து வெடித்த கீறல். மற்ற இடம் கெட்டியாக இருந்தது. பெரியவர் கீறல் விழுந்த நுனியை ஓர் அங்குலம் வெட்டி எறிந்தார். மிச்சத்தை இழுத்து மாட்டி, கிளிப்பை இறுக்கினார். "நாளைக்குக் கீழே போனதும் புதுக் குழாய் போட்டு விடு. பிரேக்குக்கு என்றே விற்கிற தடித்த குழாயாகக் கேட்டு வாங்கு. சாதாரணக் குழாய் உள்ளே சப்பிக் கொள்ளும்" என்றார்.

இன்ஜின் ஓடியது. டிரைவர் காலை எடுத்தார். நிற்கவில்லை.

மறுநாள் விடியற்காலை. ஜமுனாமரத்தூர். பனி விலகவில்லை. சாமை மூட்டைகள் ஏறி விட்டன. கிழவி முன் ஆசனத்தில் பையை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்து விட்டாள். "கிளம்பலாமா அண்ணே?" என்றான் பையன்.

டிரைவர் உடனே கிளம்பவில்லை. பெரியவர் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பரீட்சையைச் செய்தார். இன்ஜினை ஓட்டாமல் பிரேக்கை நாலைந்து முறை மிதித்தார். மிதி கல்லாக இறுகியது. டப்பாவில் இருந்த வெற்றிடம் தீர்ந்து விட்டது. அப்படியே மிதியை அழுத்திக் கொண்டு சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது.

காலின் கீழ் மிதி, தானாக ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

"இப்போது கல்லை எடு" என்றார் டிரைவர்.